மூன்றாவது சுவிட்ச்

“முதல்ல தெரிஞ்சது கைதான்.”

“யாரு கை?”

“ஸ்னேஹா மேடம் கை. கறுப்புத் துணிக்கு முன்னாடி வெச்சு ஆட்டினாங்க. பொட்டுப் பொட்டா வெளிச்சம். மேல போகுது, கீழ வருது. என்னன்னு அவங்க சொல்லல. நானேதான் கைன்னு சொன்னேன்.”

“கைன்னு எப்படித் தெரிஞ்சுது? மாட்டு வாலா இருந்தா?”

“ஆஸ்பத்திரில மாடு எங்கேர்ந்து வரும் தமா?”

“பெங்களூர்ல மாடு வராத எடம் எது?”

கவியரசன் சிரித்தான். தமயந்தி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தோலை முறத்தின் இந்தப் பக்கமும் பல்லை அந்தப் பக்கமும் ஒதுக்கினாள்.

“பொட்டுன்னா எப்படி? பிரெய்ல் மாதிரியா?”

“அட, ஆமா. கண்ணுக்குள்ள பிரெய்ல் வெச்ச மாதிரிதான். ஆனா நிக்காது. ஒரு பொட்டு வரும், போகும். தலையைத் திருப்பினா வேற பொட்டு வரும். எல்லாத்தையும் சேர்த்து இது கை, இது கதவுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.”

“நீங்கதான் பிரெய்ல்ல அவ்வளவு மக்காச்சே.”

“அதான் ஆச்சரியம்” என்றான் அவன், மகிழ்ச்சி குறையாமல்.

ஒரு பூண்டுப் பல் அவள் விரலிலிருந்து நழுவி ஓடியது. அது உருண்டு நின்ற இடம் அவளுக்குக் கேட்டது. ஆனாலும் எடுக்கவில்லை.

கவியரசன் திருப்பத்தூரில் பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை பார்த்தவன். சின்ன வயதிலிருந்தே மாலையானால் பார்வை மங்கும். பிறகு பகலும் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கி, முப்பதை எட்டுவதற்குள் முழுதும் அடைந்துபோயிற்று. விழித்திரையில் வந்த நோய், மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூருக்கு வந்து லிங்கராஜபுரம் பக்கம் பார்வையற்றோருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் மையத்தில் சேர்ந்தபோது, அங்கே ஆசிரியையாக இருந்தவள் தமயந்தி. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை.

கம்ப்யூட்டரோடு மற்றதையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். டம்ளரின் விளிம்பில் விரல் நுனியை வைத்துக்கொண்டு காபி ஊற்றுவது. காலருக்கு உள்பக்கம் நூல் முடிச்சுப் போட்டு, வெள்ளைச் சட்டைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு என்று அடையாளம் வைப்பது. மீன் வாசனை தீர்ந்து பேக்கரி வாசனை தொடங்கும் இடத்தில் ரோட்டைக் கடப்பது. அப்போது அவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். கல்யாணம் ஆன பிறகும் சில மாதம் வாய் தவறி மேடம் என்பான். அவள் வேண்டுமென்றே திருத்தாமல் விட்டிருக்கிறாள், அவ்வளவு பிடிக்கும்.

இப்போது அந்த மேடம் இன்னொருத்திக்குப் போய்விட்டது.

செயற்கை விழித்திரையைப் பரிசோதனை முறையில் பொருத்துவதற்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆள் தேடியபோது அவளும்தான் கூடப் போனாள். வலது கண்ணுக்குள் ஒரு சில்லு. மூக்குக் கண்ணாடியில் சின்னதாக ஒரு கேமரா. இடுப்பில் ஒரு பெட்டி. கேமரா பிடிப்பதைப் பெட்டி சில்லுக்கு அனுப்பும், சில்லு நரம்பைத் தட்டி எழுப்பும் என்று டாக்டர் விளக்கினார். முகம் தெரியாது, எழுத்து தெரியாது, வெளிச்சமும் அதன் ஓரமும் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெரியும், அதற்கும் மாதக்கணக்கில் பழக வேண்டும் என்றார். கவியரசன் ஒவ்வொன்றுக்கும் “பரவால்ல டாக்டர்” என்றான். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது தமயந்தி மெல்லக் கேட்டாள்.

“எனக்கு இது வெக்க முடியுமா டாக்டர்?”

“நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களாம்மா? சின்ன வயசுல?”

“இல்ல.”

“அப்ப இது உங்களுக்கு உதவாது. மூளை ஒரு காலத்துல பார்த்துப் பழகியிருக்கணும்.”

“சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். ஆட்டோவில் திரும்பும்போது கவியரசன் அவள் கையை விடவே இல்லை. அவள் சந்தோஷமாக இருப்பதாக நினைத்துக்கொண்டான் போல. பொட்டு பொட்டாக எது வந்தாலும் சேர்த்துப் படிக்க நகரத்திலேயே தன்னைவிட வேகமான விரல் கிடையாது என்பதையே அவள் வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் ஆகி, காயம் ஆறி, பயிற்சி தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஸ்னேஹாவிடம் போய் வந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சாமர்த்தியத்தோடு திரும்பினான். கதவு நிலையைத் தொடாமல் உள்ளே வந்தான். துவைத்த துணியில் வெள்ளையையும் கறுப்பையும் காலரைத் தடவாமல் பிரித்து வைத்தான். கறுப்புத் தட்டில் வைத்த இட்லியை நேராகப் போய் எடுத்தான். ஒருநாள் ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பார ஓரத்து வெள்ளைக் கோடு தெரிந்ததாம். “கோடு அங்கயே இருந்துச்சு தமா, நான் போற வரைக்கும் எனக்காகக் காத்துக்கிட்டு” என்று சொன்னான்.

அவளும் நல்லவளாக இருக்கத்தான் முயன்றாள். கறுப்புத் தட்டும் கறுப்பு டம்ளரும் வேண்டும் என்றபோது பிரேசர் டவுனில் கடை கடையாக ஏறி வாங்கி வந்தாள். வீட்டுக்கார மங்களம் அம்மாவிடம் கெஞ்சி, ஹாலுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். ஸ்னேஹா வந்து கதவு நிலையில் கறுப்பு டேப் ஒட்டினாள். ஹாலில் இருந்த பழைய டியூப் லைட் போதாது என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் புது எல்இடி போட வைத்தாள்.

அந்த வீட்டில் லைட் என்பது விருந்தாளிகளுக்கானது. யாராவது வந்து “என்னம்மா இருட்டுல உட்கார்ந்திருக்க” என்றால் போடுவார்கள், அவர்கள் போனதும் அணைப்பார்கள். ஜீவனஹள்ளியின் அந்தச் சந்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். அதனால் பகலிலும் ஹால் இருட்டுதான் என்று பார்வை உள்ளவர்கள் சொல்வார்கள். இனிமேல் லைட் எப்போதும் எரிய வேண்டும் என்றாள் ஸ்னேஹா. பழைய டியூப் லைட் எரிந்தால் வண்டுபோல முனகும். புதியது முனகவில்லை. எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பலகையைத் தடவிப் பார்க்க வேண்டும். முதல் சுவிட்ச் ஃபேன், இரண்டாவது எதற்கும் இல்லை, மூன்றாவது லைட். கீழே சாய்ந்திருந்தால் எரிகிறது, மேலே சாய்ந்திருந்தால் அணைந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது முக்காலி. அந்த வீட்டில் பொருள்கள் இடம் மாறாது. மாறக்கூடாது. அது அவர்கள் இருவரும் சேர்ந்து போட்ட சட்டம். இப்போது கவியரசன் முக்காலியை எங்கே உட்கார்ந்தானோ அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனான். அவனுக்குத்தான் அது தெரிகிறதே. அவள் இரண்டு தடவை முழங்காலில் இடித்துக்கொண்டாள்.

“நடு வீட்ல வெச்சா எப்படிங்க?”

“ஐயோ, சாரி தமா. ஓரமா இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுது” என்று அவள் திருப்பிச் சொன்னாள். முழங்காலைவிட அந்தச் சொல்தான் வலித்தது.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது மங்களம் அம்மாவிடம் கேட்டாள்.

“டேப் ஒட்ட வந்தாளே, அந்தப் பொண்ணு எப்படி இருப்பா?”

“ஸ்னேஹாவா? நல்லா இருப்பாம்மா. மல்லேஸ்வரத்துப் பொண்ணு.”

“மல்லேஸ்வரத்துப் பொண்ணுங்க எப்படி இருப்பாங்க?”

“அது என்ன கேள்வி? தலையை வழிச்சு வாரி, மூக்குத்தி போட்டு, கன்னடம் பாதி தமிழ் பாதியா பேசிக்கிட்டு. அன்னிக்குக் கறுப்பு சூடிதார். எடுப்பா இருந்தா.”

“எடுப்புன்னா?”

மங்களம் அம்மா கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். “எடுப்புன்னா… சுத்தி எத்தனை பேர் இருந்தாலும் அவ தெரிவா.”

“நான்?”

“உனக்கென்னடி, லட்சணமா இருக்க.”

அது அவள் கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் சொல்லிவிட்டுப் போன சொல். தமயந்தி ஈரம் காயாத ஒரு புடவையையும் சேர்த்து மடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

அந்த வாரம்தான் கவியரசன் கேட்டான். “கறுப்புப் புடவை ஒண்ணு இருக்குல்ல உனக்கு? அதைக் கட்டிக்கிட்டு அந்த வெள்ளைச் செவுத்துக்கிட்ட நில்லேன். உன்னைப் பார்க்கணும்.”

“நாளைக்கு” என்றாள்.

மறுநாள் கேட்டான். தலை குளிக்கவில்லை என்றாள். அதற்கு மறுநாள் மையத்தில் வேலை அதிகம், களைப்பு. அவன் அவளை ஒருபோதும் பார்த்ததில்லை. அவன் மையத்துக்கு வந்தபோதே பார்வை போயிருந்தது. அவள் முகத்தை அவன் விரலால்தான் படித்திருக்கிறான், அவள் அவன் முகத்தைப் படித்ததைப் போலவே. அதில் ஒரு நியாயம் இருந்தது. இனி அவன் பார்ப்பான், அவள் நிற்பாள். எந்தப் பக்கம் பார்க்கிறான், எதைப் பார்க்கிறான், பார்த்து முடித்துவிட்டானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அதுவும் முதலில் ஒருத்தியைப் பார்த்துவிட்டு, பிறகு இவளை.

ஆயுத பூஜைக்கு வீடு துடைத்த அன்று அது நடந்தது. அவன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சந்தில் பூஜைப் பாட்டு ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது. அவள் காய்ந்த துணியால் சுவிட்ச் பலகையை அழுத்தித் துடைத்தாள்.

“தமா.”

அவன் குரலில் எப்போதும் இல்லாத ஒன்று இருந்தது.

“என்னங்க?”

“போயிடுச்சு. எல்லாம் போயிடுச்சு. தட்டு போயிடுச்சு.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் அவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டான். சோற்றுக் கை. பிசுபிசுத்தது. பெட்டியைத் தட்டினான், ஒயரைக் கழற்றி மாட்டினான். அது வழக்கம்போல ‘பீப்’ என்றது, ஆனால் ஒரு பொட்டும் வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே கரண்ட் இருக்கிறது. அப்படியென்றால் சில்லுதான் செத்துவிட்டது என்றான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பழைய நாட்களைப் போல அவளுக்கு அரையடி பின்னால் நடந்து படுக்கைக்குப் போனான். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவன் தூங்கிய பிறகு பலகையை முழுதாகத் துடைக்கவில்லை என்பது நினைவு வந்து போனாள். மூன்றாவது சுவிட்ச் மேல்பக்கம் சாய்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் எழுப்பிச் சொல்லலாம் என்றுதான் திரும்பினாள். பிறகு தன் மணிக்கட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை விரலில் பட்டது. சுவிட்சைக் கீழே அழுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்தாள். மாலையில் அவன் பயந்து பயந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்தான். “வந்துடுச்சு தமா” என்றான். “நல்லதா போச்சு” என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் அவன் பயிற்சியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தான். ஸ்னேஹா ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றாளாம். கோடு கோடாக வெள்ளை அடித்திருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவன் தனியாகக் கடந்துபோய், நின்றவர்களுக்குள் அவளைக் கண்டுபிடித்து நேராக அவள் முன்னால் போய் நின்றானாம்.

“எத்தனையோ பேர் நின்னாங்க. அவங்க மட்டும் தனியாத் தெரிஞ்சாங்க.”

தமயந்தி குக்கரில் அரிசியைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். ஹாலுக்கு வந்து சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் விசில் வந்தபோது அவள் கட்டைவிரல் மூன்றாவது சுவிட்சை மேலே தள்ளியது. ‘டிக்’ சத்தம் விசிலுக்குள் மறைந்துகொண்டது.

“தமா,” என்றான் அவன், கொஞ்ச நேரம் கழித்து. “மறுபடியும்.”

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டான். அன்று மாலை இருவரும் கைகோத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள், அவள் முன்னால், அவன் பின்னால். பேக்கரி வாசனை தொடங்கும் இடத்தில் அவள் “இப்ப” என்றாள், அவன் கூடவே அடி எடுத்து வைத்தான். அவளுக்கு வெகுநாள் கழித்துப் பாட வேண்டும்போல இருந்தது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. அவன் ஸ்னேஹாவைப் பற்றிப் பேசும் நாட்களில் குக்கர் கத்தியது. பேசாத நாட்களில் லைட் எரிந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக வேலை செய்கிறது, வீட்டில் மட்டும் திடீர் திடீரென்று போகிறது. அப்படிப் போயிருந்த ஒருநாள் ஸ்னேஹா போனில், ஸ்பீக்கரில், தமயந்திக்கும் கேட்கும்படி பேசினாள்.

“சார், ஸ்வல்ப யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்த நேரத்துல லைட் போட்டிருந்தேளா?”

கவியரசன் திரும்பினான். “தமா, லைட் எரியுதா? கொஞ்சம் சுவிட்சைப் பாரு.”

அவள் பலகைவரை போனாள். மூன்றாவது சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். அது மேல்பக்கம் சாய்ந்திருந்தது.

“போட்டுதான் இருக்கு.”

“போட்டிருக்காம் மேடம்.”

“அப்படின்னா உள்ள ஏதோ ப்ராப்ளம் சார். டாக்டர் சொல்றார், திங்கட்கிழமை அட்மிட் பண்ணித் தொறந்து பார்த்துடலாம்னு. தேவைப்பட்டா எடுத்துடுவா. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை நான் ஆத்துக்கு வந்து ஒரு தரம் பார்த்துடறேன், ஆயித்தா, சரியா?”

போனை வைத்த பிறகு அவன் மேசைமேல் கறுப்பு டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

“எடுத்துட்டா எடுத்துட்டுப் போறாங்க தமா. இல்லாமதான் இத்தனை வருஷம் இருந்தோம்.”

“ம்.”

“ஆனா ஒண்ணு. எடுக்கறதுக்குள்ள உன்னைப் பார்த்துடணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் இதுல சேர்ந்ததே.”

அவள் அன்று சமைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். எடுத்துவிடுவார்கள். கண்ணைத் திறந்து, ஒரு குறையும் இல்லாத ஒன்றைப் பிடுங்கி எடுப்பார்கள். அந்தக் கோடு ஸ்டேஷனில் யாருக்காகவும் காத்திருக்காது. அதன் பிறகு அவன் ஆயுசுக்கும் அவளுக்கு அரையடி பின்னால் நடப்பான். அதைத்தானே கேட்டாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அது அவளுக்கு இன்னமும் வேண்டியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்தே சுவிட்சைப் போட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தாள். ஆனால் அவன் ஹாலைவிட்டு நகரவில்லை. குளித்து, சட்டை மாற்றி, கண்ணாடியை மாட்டி, பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். சந்திலும் சத்தமில்லை. குக்கர் வைக்கலாம் என்றால் சோறு காலையிலேயே வடித்தாயிற்று.

“ஏதாவது தெரியுதா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல.”

காலிங் பெல் அடிக்கும்போது போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். அவர்கள் வீட்டு பெல் குருவிபோல நீளமாகக் கத்தும், அதில் எதுவும் கேட்காது. ஸ்னேஹா வரும் நேரம் நெருங்கியதும் பலகைக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். இரும்பு கேட் திறந்தது. செருப்புச் சத்தம் வந்தது. வாசலில் நின்றது. அவள் கையைத் தூக்கி விரலை மூன்றாவது சுவிட்சின் மேல் வைத்து, குருவி கத்தட்டும் என்று காத்து, அதோ பெல்லைத் தொட்டுவிட்டாள் என்று நினைத்த கணத்தில் அழுத்தினாள்.

ஸ்னேஹா பெல்லை அடிக்கவில்லை. கதவை விரலால் மெல்லத் தட்டி, “சார்” என்றாள்.

‘டிக்’ என்ற சத்தம் ஹால் முழுதும் கேட்டது.

தமயந்தி கையைக் கீழே இழுத்துக்கொண்டாள். முக்காலியில் அசைவே இல்லை. கவியரசன் மூச்சை உள்ளே இழுத்தது மட்டும் கேட்டது. வெளியே விட்டது கேட்கவில்லை.

“சார், நான் ஸ்னேஹா.”

“வரேன் மேடம்” என்று அவன் எழுந்து போய், எதையும் தடவாமல், கதவைத் திறந்தான்.

சந்தன சோப்பு வாசனை உள்ளே வந்தது. “நமஸ்காரம் மேடம்” என்று அவள் கையைப் பிடித்த கை குளிர்ச்சியாகவும், சின்னதாகவும் இருந்தது. முதலில் தெரிந்த கை இதுதானா என்று தமயந்தி நினைத்தாள். இவ்வளவு சின்னதா.

ஸ்னேஹா எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கறுப்புத் தட்டில் வாழைப்பழம் வைத்தாள், எடுத்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், பிரித்தான். கதவு நிலையில் இடிக்காமல் போய் வந்தான். அவள் சத்தமில்லாமல் இடம் மாறி நின்றாள், கண்டுபிடித்தான்.

“என்ன சார் இது, கிளினிக்ல விட நன்னா பண்றேளே. அப்ப ஏன் நடுநடுவுல போறது?”

தமயந்தி சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தாள். இப்போது சொல்வான். அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவள் சொல்லிக்கொடுத்த காது அது.

“பெட்டில ஒயரு லூசா இருந்திருக்கும் மேடம்” என்றான் கவியரசன். “நான்தான் சரியா மாட்டாம விட்டிருப்பேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“நமக்குக் கை கொஞ்சம் தடிமன் மேடம். பிரெய்ல் கூட வரல, கேட்டுப் பாருங்க.”

ஸ்னேஹா சிரித்தாள். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் தமயந்திக்குப் பொறுக்கவில்லை. “சரி, டாக்டர்கிட்ட சொல்லிடறேன். திங்கட்கிழமை அட்மிஷன் வேண்டாம். ஒயரை மட்டும் ஜாக்கிரதையாப் பார்த்துக்கோங்கோ.” காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தமயந்தியின் கையில் தேடி வைத்தாள். “உங்களைப் பார்க்கணும்னுதான் சார் எப்பவும் சொல்லிண்டிருப்பார் மேடம். நான் எந்தப் பயிற்சி குடுத்தாலும், இது வந்தா என் வொய்ஃபைப் பார்க்கலாமாம்பார். பார்த்தாச்சா?”

தமயந்தி பதில் சொல்வதற்குள் அவன், “இன்னும் முழுசா இல்ல மேடம்” என்றான்.

கேட் மூடிய சத்தம் தேய்ந்து மறைந்தது. சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துப் பார்த்து விட்டுவிட்டார்கள். தமயந்தி காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் முக்காலியைத் தூக்கினான். அது இருக்க வேண்டிய ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தான்.

“இன்னிக்குக் குக்கர் வெக்கல போல” என்றான்.

அவள் டம்ளரை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“எனக்கு மொதல்ல விளங்கல. விசிலுக்கு முன்னாடி இருக்கு, விசிலுக்கு அப்புறம் இல்ல. சில்லுக்கும் சோத்துக்கும் என்னடா சம்பந்தம்னு நெனச்சேன்.”

“திட்டுங்க” என்றாள் அவள்.

அவன் திட்டவில்லை. நடந்து வந்தான். அவளைத் தாண்டிப் பலகைவரை போனான். ‘டிக்.’

“அணைச்சுட்டேன்” என்றான். “இப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல.”

அவன் திரும்பி நடந்தான். இந்த முறை சுவரைத் தடவிக்கொண்டுதான் போனான். முக்காலி கிறீச்சிட்டது.

“நீ சுவிட்சைப் போட்டப்போ மொத்தமும் ஒரேயடியா வந்துச்சு தமா. செவுரு, ஜன்னல், எல்லாம். அதுல ஒரு கை. மேல தூக்கின கை. அது யாரோடதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள கீழ எறங்கிடுச்சு. வேற எதையும் பார்க்க விடல நீ.”

டம்ளரின் விளிம்பில் அவள் விரல் சுற்றிச் சுற்றி வந்தது. கறுப்புப் புடவையா இன்றைக்குக் கட்டியிருப்பது, இல்லை வேறா என்று அவளுக்கு நினைவு வரவில்லை. முந்தானை ஓரத்து முடிச்சைத் தேடினாள், அகப்படவில்லை. ஸ்னேஹாவின் சோப்பு வாசனை இன்னும் போகாமல் ஹாலில் இருந்தது.

“நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்” என்றான் அவன். “எழுந்து வந்து போட மாட்டேன். உன்னை அவசரப்படுத்தவும் மாட்டேன். நீயா லைட்டைப் போடு தமா. போட்டுட்டு, கையை எடுக்காம அங்கயே நில்லு.”